முன்கை முறிந்த 6 வயதுப் பையன், வயிற்றில் பரோட்டா: வலி மருந்தும் கேட்டமினும் பற்றிச் சில கேள்விகள்

புதுஎம்ஓ_கிழக்கு

வணக்கம். அடுத்த மாதம் சிறார் அவசரப் பிரிவில் பணி தொடங்குகிறேன். பெரியவர்களுக்குச் செடேஷன் (செயல்முறைக்காக மருந்தால் மயக்குவது) கொடுத்த பழக்கம் உண்டு. பிள்ளைகள் விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால் ஒரு கற்பனை கேஸை வைத்துக் கேட்கிறேன்.

வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழே விளையாட்டுத் திடல். மங்கி பாரில் தொங்கிய 6 வயதுப் பையன் கைநழுவி விழுகிறான். இடது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்து கை வளைந்திருக்கிறது. தோல் கிழியவில்லை. நாடித்துடிப்பு இருக்கிறது, விரல்கள் அசைகின்றன. எடை 22 கிலோ. ஒன்றரை மணி நேரத்துக்கு முன் இரண்டு பரோட்டாவும் ஒரு மைலோவும் சாப்பிட்டிருக்கிறான். அவசரப் பிரிவிலேயே இழுத்துச் சரிசெய்து மாவுக்கட்டுப் போட்டுவிடலாம் என்கிறார் எலும்பு மருத்துவர்.

என் கேள்விகள்: வந்தவுடன் என்ன வலி மருந்து, எந்த வழியில்? 6 மணி நேரம் வெறும் வயிறாகக் காத்திருக்க வேண்டுமா? மயக்க மருந்தான கேட்டமின் நரம்பு (இரத்தக்குழாய்) வழியா, தசை வழியா? எல்லாரும் பயமுறுத்தும் குரல்வளை இறுக்கம் வந்தால் கை எந்த வரிசையில் போக வேண்டும்? "மிடாஸோலாம் (தூக்க மருந்து) கொஞ்சம் கொடுத்துவிட்டு இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் போதும்" என்பவர்களுக்கு என்ன பதில்?

---

ட்ரையாஜ்_அக்கா

தம்பி, முதல் பத்து நிமிஷத்தை மட்டும் நான் சொல்றேன். மிச்சத்தை மயக்கவியல்காரங்க சொல்லட்டும்.

செடேஷனும் வலி மருந்தும் வேற வேற வேலை. பையன் கதவுக்குள்ள வந்த நேரத்துல தேவைப்படுறது வலி மருந்து. எலும்பை இழுக்கிறது ஒரு மணி நேரம் கழிச்சு நடக்கலாம், ஆனா வலி இப்பவே இருக்கு. எக்ஸ்ரே முடியட்டும், பிறகு பார்க்கலாம்னு சொல்ற பழக்கம் இன்னும் பல இடத்துல இருக்கு. எக்ஸ்ரே மேசையில கையைத் திருப்பி வைக்கிறதுதான் அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கு இருக்கிற பெரிய வேதனையில ஒண்ணு. மருந்து அதுக்கு முன்னாடி போகணும்.

மதிப்பெண் போடுங்க. 2 மாசத்துலேருந்து 7 வயசு வரைக்கும் ஃப்ளாக் அளவுகோல் வச்சு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினா அடங்குதா, இந்த அஞ்சையும் பார்த்து 10-க்குப் போடலாம். 4 வயசுக்கு மேல பிள்ளையே முகப்படத்தைக் காட்டிச் சொல்லும். ஆனா "உன் மூஞ்சி இப்ப எப்படி இருக்கு"ன்னு கேட்டா, அம்மாவைக் காணோம்னு அழுற பிள்ளை கடைசிப் படத்தைத்தான் காட்டும். "கை எவ்வளவு வலிக்குது, அதைக் காட்டு"ன்னு கேளுங்க.

அடுத்தது தப்பை. முறிஞ்ச கையைக் கிடக்கிற நிலையிலேயே மெத்தைவச்ச ஸ்ப்ளின்ட்டுல கட்டி, தலையணை மேல தூக்கி வச்சாலே பாதி அழுகை அடங்கும். கட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நாடி, விரல் நிறம், உணர்ச்சி பார்த்து எழுதிடுங்க.

வளைஞ்ச கைக்கு பாரசிட்டமால் மட்டும் பத்தாது. லைன் (மருந்து ஏத்துற நரம்புக் குழாய்) போட ஊசி குத்துறதுக்கு முன்னாடியே மூக்கு வழியா ஃபென்டனில்ங்கிற வலுவான வலி மருந்து போகலாம். கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம். 22 கிலோவுக்கு 33 மைக்ரோகிராம். ஆம்பூல் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம், அப்ப 0.66 மி.லி. தெளிப்பான் முனைக்குள்ள ஏறக்குறைய 0.1 மி.லி. தங்கிடும், அதனால 1 மி.லி. சிரிஞ்சுல 0.76 இழுங்க. இதை மறந்தா சின்னப் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போகும். 8 கிலோ குழந்தைக்கு மொத்த அளவே 0.24 மி.லி. தானே.

தெளிக்கிற விதத்துலயும் கோட்டை விடுவாங்க. மூக்குல சளி இருந்தா முதல்ல உறிஞ்சி எடுங்க. பிள்ளை அம்மா மடியில நிமிர்ந்து உட்காரட்டும், தலையை லேசா சாய்ச்சுக்கலாம். முனையை அந்தப் பக்கத்துக் காதோட மேல் நுனியைப் பார்த்து வச்சு, பிஸ்டனை ஒரே அழுத்தா வேகமா அழுத்துங்க. மெதுவா அழுத்தினா புகையாப் பரவாது, சொட்டு சொட்டாத் தொண்டைக்கு இறங்கும், பிள்ளை விழுங்கிடும், வேலை செய்யாது. ஒவ்வொரு துவாரத்துக்கும் பாதி. ஒரு துவாரத்துக்கு 0.5 மி.லி. வரைக்கும் நல்லது, 1 மி.லி.யைத் தாண்ட வேண்டாம்.

அஞ்சு நிமிஷத்துல பிள்ளை முகம் தெளியும். 10 நிமிஷம் கழிச்சு மறுபடி மதிப்பெண். இன்னும் அதிகமா இருந்தா கிலோவுக்கு 0.75லேருந்து 1.5 வரைக்கும் இன்னொரு தடவை. அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் நிக்கும். எக்ஸ்ரேயும் லைனும் அதுக்குள்ள முடிஞ்சிடும். ஆக்சிஜன் அளவு கிளிப்பை விரல்ல மாட்டியே வச்சிருங்க.

கூடவே வாய் வழியா பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஐபுப்ரோஃபென் கிலோவுக்கு 10 மி.கி. வீட்டுல ஏற்கெனவே எதாவது கொடுத்தாங்களான்னு கேட்டுட்டுக் கொடுங்க.

ஒரு விஷயம், முன்கைன்னு வர்றதெல்லாம் முன்கை இல்ல. மங்கி பார் விழுகையில முழங்கைக்குச் சற்று மேல முறியிறதும் சாதாரணம். அது நல்லா விலகியிருந்தா அறுவைக் கூடத்துக்குப் போகும். அங்க உங்க வேலை வலி மருந்து, தப்பை, நாடி பார்க்கிறது, அவ்வளவுதான்.

---

மூச்சுப்பாதை

மேலே ட்ரையாஜ் அக்கா சொன்னதை முழுக்க ஏற்கிறேன், ஒரு எச்சரிக்கையுடன். ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு கொடுத்த கையோடு கேட்டமினும் போட்டால் வாந்தியும் ஆக்சிஜன் இறக்கமும் கூடுகின்றன. கனடாவில் 6 சிறார் அவசரப் பிரிவுகளில் 6,295 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், கேட்டமின் மட்டும் பெற்றவர்களுக்குக் கடுமையான பாதிப்பு ஏறக்குறைய 0.4 சதவீதம், கேட்டமினுடன் ஃபென்டனில் சேர்த்தபோது 3 சதவீதத்தைத் தாண்டியது. இதைக் காட்டி வலி மருந்தே வேண்டாம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. ஃபென்டனிலை ட்ரையாஜிலேயே (வந்தவுடன் பார்க்கும் முதல் பரிசோதனையில்), சீக்கிரமாகக் கொடுங்கள். கேட்டமினுக்கு 5 நிமிடம் முன்பு "கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே" என்று கொடுப்பதுதான் தவறு. கேட்டமினே வலி நீக்கும் மருந்து. அதற்குத் துணை தேவையில்லை.

பரோட்டா விஷயம். அடிபட்டு வலியில் இருக்கும் பிள்ளையின் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். 6 மணி நேரம் காத்தாலும் காலியாகிவிடும் என்ற உறுதி இல்லை. அதே கனடா ஆய்வின் 6,183 பிள்ளைகளை வெறும் வயிற்று நேரத்தை வைத்துப் பிரித்துப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரமானது என்பதற்கும் வாந்திக்கும் தொடர்பு தெரியவில்லை. உணவு நுரையீரலுக்குள் போன சம்பவம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டலும், வெறும் வயிறு இல்லை என்பதற்காக மட்டும் அவசரச் செயல்முறையைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது. ஆக, விரல்கள் வெளிறினால் அல்லது மரத்தால் உடனே. இந்தப் பையனைப் போல எல்லாம் நன்றாக இருந்தால், ஆள், இடம், கருவி தயாரானதும் செய்யலாம். கடிகாரத்தைப் பார்த்து இரவு 11 வரை பட்டினி போடுவதில் பொருள் இல்லை. உங்கள் மருத்துவமனை நெறிமுறை வேறு மாதிரி சொன்னால், அதை மீறும் முடிவைத் தனியாக எடுக்காதீர்கள், மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

வயிற்றைவிட நான் அதிகம் கவலைப்படுவது மூக்கைப் பற்றி. பாலர் பள்ளிப் பிள்ளைக்கு எப்போதும் மூக்கு ஒழுகும். தெளிந்த நீராக ஒழுகி, காய்ச்சல் இல்லாமல் ஓடியாடினால் பரவாயில்லை. மஞ்சள் சளி, ஈர இருமல், காய்ச்சல், இளைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் குரல்வளை இறுகும் வாய்ப்பு கூடுகிறது. இரவில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, டான்சில் பெரிதா, வாய் நன்றாகத் திறக்கிறதா, முன்பு மயக்க மருந்தில் சிக்கல் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அவன் அறுவைக் கூடத்துக்குரிய பிள்ளை. 3 மாதத்துக்குக் கீழ் கேட்டமின் கூடாது. மனச்சிதைவு போன்ற மனநோய் இருந்தாலும் கூடாது. தலையில் அடிபட்டாலே கேட்டமின் ஆகாது என்பது பழைய பயம். இன்றைக்கு அது தடை அல்ல.

ஆட்கள்: எலும்பைச் சரிசெய்பவர் வேறு, மயக்கம் கொடுப்பவர் வேறு. மயக்கம் கொடுப்பவருக்கு மூச்சைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. கையைப் பிடி, பட்டியை நனை என்று யாரும் கூப்பிடக் கூடாது. மூன்றாவது ஆள் செவிலியர்.

கருவி: உறிஞ்சி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் (செருகியிருப்பது போதாது, ஆன் செய்து சத்தம் கேளுங்கள்). பிள்ளை அளவில் பையும் முகமூடியும், ஆக்சிஜன், வாய்க்குழாய், லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைப் பார்க்கும் கருவி), இசிஜி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவி, கேப்னோகிராஃப் (வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அலையாகக் காட்டும் கருவி). கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மூச்சு நின்றால் விரல் கிளிப் நெடுநேரம் 99 என்றே காட்டும். கேப்னோகிராஃபின் அலை அடுத்த மூச்சிலேயே காணாமல் போகும்.

மருந்து: நரம்பு வழி கிலோவுக்கு 1.5 மி.கி., அதாவது 33 மி.கி. மி.லி.க்கு 50 மி.கி. உள்ள குப்பியிலிருந்து 2 மி.லி. எடுத்து 8 மி.லி. சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 10 மி.கி. ஆகும், 3.3 மி.லி. போடுங்கள். ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக. வேகமாகத் தள்ளினால் மூச்சு சற்று நேரம் நின்றுவிடும். நிமிடத்துக்குள் கண் திறந்தபடியே பார்வை வெறிக்கும், விழிகள் பக்கவாட்டில் துடிக்கும். அப்போது தொடங்கலாம்.

இங்கேதான் வழக்கமான சொதப்பல் நடக்கிறது. ஒரு முறை போட்ட மருந்தின் நல்ல பலன் 5 முதல் 10 நிமிடம்தான். மருந்து போன பிறகு மாவுப்பட்டி எங்கே, வாளி எங்கே, எக்ஸ்ரே கருவியை யார் கொண்டுவருவது என்று தேடத் தொடங்கினால், எலும்பு இழுக்கும் நேரத்தில் பையன் விழித்துவிடுவான். பிறகு கூடுதல் டோஸ், அதற்கு மேல் இன்னொன்று. பட்டி அளந்து வெட்டி, பஞ்சு பிரித்து, தண்ணீர் வைத்து, எக்ஸ்ரே கருவி கைக்கு மேல் நின்ற பிறகே ஊசியைத் தொடுங்கள். கூடுதல் தேவைப்பட்டால் கிலோவுக்கு 0.5 மி.கி., இவனுக்கு 1.1 மி.லி.

தசை வழி என்றால் கிலோவுக்கு 4 மி.கி., 88 மி.கி., நீர்க்காத குப்பியிலிருந்து 1.76 மி.லி. தொடையில். 5 நிமிடத்தில் பிடிக்கும். ஆனால் வாந்தி அதிகம், தெளிய இன்னும் நேரமாகும், சிக்கல் வந்தால் கையில் லைன் இருக்காது. ஓரிரு தையலுக்கு, லைன் கிடைக்காத பிள்ளைக்குச் சரி. இந்தப் பையனுக்கு வேண்டாம்.

ஒன்டான்செட்ரான் கிலோவுக்கு 0.15 மி.கி., அதிகபட்சம் 4 மி.கி., முன்கூட்டியே கொடுத்தால் வாந்தி குறையும். பரோட்டா வயிற்றுக்குக் கட்டாயம் கொடுப்பேன். எச்சில் சுரப்பைக் குறைக்க எல்லாருக்கும் அட்ரோபின் போடும் பழக்கம் தேவையில்லை.

குரல்வளை இறுக்கம்: ஆயிரம் பிள்ளைகளில் மூன்று பேருக்கு என்ற அளவில் வரும். கீச்சென்ற சத்தம் கேட்டால் பாதி இறுக்கம். சத்தமே இல்லாமல் நெஞ்சு உள்ளே இழுக்க வயிறு எழும்பினால், கேப்னோகிராஃப் தட்டையானால், முழு இறுக்கம். கையை இழுப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வாயில் எச்சில், வாந்தி இருந்தால் உறிஞ்சுங்கள். காது மடலுக்குப் பின்னே, தாடை எலும்பின் பின்விளிம்புக்கும் காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் இரு பக்கமும் நடுவிரலால் உள்நோக்கி நன்றாக அழுத்தி, அதே பிடியில் தாடையை முன்னே தூக்குங்கள். முகமூடியை இறுக்கி வைத்து 100 சதவீத ஆக்சிஜனைத் தொடர் அழுத்தத்தில் பிடித்திருங்கள். பையை விசுக் விசுக்கென்று அழுத்தினால் காற்று வயிற்றுக்குள் போய், பரோட்டா மேலே வரும். பெரும்பாலும் இதிலேயே விடும். விடவில்லை என்றால் மயக்க மருந்தான புரோபோஃபால் கிலோவுக்கு 0.5 மி.கி. அதற்கும் அசையாமல் ஆக்சிஜன் இறங்கினால் தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் நரம்பு வழி கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., லைன் இல்லாவிட்டால் தசையில் கிலோவுக்கு 4 மி.கி. இதயத் துடிப்பு குறைந்தால் அட்ரோபின் கிலோவுக்கு 0.02 மி.கி. இந்தப் பையனுக்கு: சக்சமெத்தோனியம் 22 முதல் 44 மி.கி., தசையில் 88 மி.கி., அட்ரோபின் 0.44 மி.கி. ஆரம்பிக்கும் முன்பே இவற்றை வெள்ளைப் பலகையில் எழுதுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் பெருக்கல் வராது.

---

மருந்தகம்_ஜூரோங்

எங்கள் பக்கத்திலிருந்து சில.

பாரசிட்டமால் சிரப் இங்கே இரண்டு செறிவில் கிடைக்கும்: 5 மி.லி.க்கு 120 மி.கி., 5 மி.லி.க்கு 250 மி.கி. 22 கிலோ பிள்ளைக்கு 330 மி.கி. என்றால் முதலாவதில் 13.75 மி.லி., இரண்டாவதில் 6.6 மி.லி. பலதுறை மருந்தகத்தில் ஒன்று வாங்கி, கடையில் இன்னொன்று வாங்கி, இரண்டும் வீட்டில் ஒரே அலமாரியில் இருக்கும். "எத்தனை மி.லி. கொடுத்தீர்கள்" என்ற கேள்விக்கு வரும் பதிலில் பயன் இல்லை. பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டியோ பணிப்பெண்ணோ அனுப்பிவிடுவார்.

ஐபுப்ரோஃபென் 5 மி.லி.க்கு 100 மி.கி. என்றால் இவனுக்கு 11 மி.லி. முறிவுக்கு நல்ல மருந்து. ஆனால் பிள்ளை இரண்டு மூன்று நாளாகக் காய்ச்சலோடு இருந்து, அதற்கு நடுவில் விழுந்திருந்தால் நிறுத்தி யோசியுங்கள். டெங்கிச் சந்தேகம் உள்ள காய்ச்சலில் ஐபுப்ரோஃபென் வேண்டாம், இரத்தக்கசிவு அபாயம்.

வீட்டுக்கு வலி மருந்தாகக் கோடீன் எழுதாதீர்கள். கல்லீரல் அதை மார்ஃபினாக மாற்றும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். மிக வேகமாக மாற்றும் பிள்ளைக்கு வழக்கமான அளவிலேயே மூச்சு அடங்கிவிடும். 12 வயதுக்குக் கீழ் கோடீனும் டிரமடாலும் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அறிவித்தது.

லைன் போடத் தோலில் எம்லா (மரத்துப்போக வைக்கும் களிம்பு) தடவுவோர் கவனத்துக்கு: மூடி ஒட்டி ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். அவசரமாக 20 நிமிடத்தில் துடைத்தால் வலி குறையாது, தோல் வெளிறி நரம்பு சுருங்கியிருப்பதுதான் மிச்சம். அதிலுள்ள பிரிலோகெய்ன் இரத்தத்தில் மெத்ஹீமோகுளோபினை (ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) உண்டாக்கலாம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து அதிகம். அதை முறிக்கும் மருந்தான மெத்திலீன் புளூ அவர்களுக்கே இரத்த அணுக்களை உடைக்கும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்தவுடனேயே தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள், அதனால் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்வார்கள், கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

கிழிந்த காயத்துக்கு எம்லா அல்ல, லெட் ஜெல்: லிடோகெய்ன் 4, எபிநெஃப்ரின் 0.1, டெட்ரகெய்ன் 0.5 சதவீதம். காயத்துக்குள்ளேயே ஜெல் படும்படி 1 முதல் 3 மி.லி. வைத்து மூடி, 20 முதல் 30 நிமிடம். ஓரத் தோல் வெளுத்தால் பிடித்துவிட்டது. வாயின் உட்புறச் சவ்வில் வைக்காதீர்கள். உதட்டு விளிம்பைத் தாண்டிய காயமானால், ஊசி மருந்து போட்டு உதடு வீங்கும் முன்பே விளிம்புக் கோட்டைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

லிடோகெய்ன் ஊசியில் உச்ச வரம்பு: எபிநெஃப்ரின் இல்லாமல் கிலோவுக்கு 4.5 மி.கி., சேர்ந்திருந்தால் 7 மி.கி. 1 சதவீதம் என்றால் மி.லி.க்கு 10 மி.கி. எரிச்சல் குறைய 9 மி.லி.க்கு 1 மி.லி. 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் கலந்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய ஊசியில் மெதுவாகப் போடுங்கள்.

கேட்டமின் குப்பி மி.லி.க்கு 10 மி.கி. என்றும் 50 மி.கி. என்றும் வரும். நீர்த்த சிரிஞ்சில் பெயரும் செறிவும் ஒட்டாமல் மேசையில் வைக்கக் கூடாது. எடையும் நேரில் நிறுத்துப் பார்த்ததாக இருக்கட்டும். "இருபதுக்கு மேல் இருப்பான்" என்று அம்மா சொன்னதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

---

புதுஎம்ஓ_கிழக்கு

மிக்க நன்றி. மிடாஸோலாம் கேள்வி மட்டும் தொங்குகிறது. சிரிப்பு வாயு இதற்குப் போதுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

நைட்ஷிப்ட்_ரெஜி

மிடாஸோலாமுக்கு வலி நீக்கும் சக்தி துளியும் கிடையாது. பதற்றம் குறையும், நடந்தது மறந்துபோகும். கையை இழுக்கும்போது அவன் கத்தத்தான் செய்வான். பிறகு நினைவு இருக்காது என்பதால் வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. அதைவிட ஆபத்து இன்னொன்று. கத்துகிறானே என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். வலி இருக்கும்வரை அந்த வலியே அவனை மூச்சு விடவைக்கும். எலும்பு இடத்தில் உட்கார்ந்து மாவுக்கட்டும் முடிந்து, எல்லாரும் கையுறையைக் கழற்றும் நேரத்தில் தூண்டுதல் போய்விடும், உள்ளே போன மருந்து மட்டும் மிஞ்சும். மூச்சு அடங்குவது அப்போதுதான். எந்த மருந்தானாலும் எலும்பைச் சரிசெய்த அடுத்த 10 நிமிடம்தான் கண்கொட்டாமல் பார்க்க வேண்டிய நேரம்.

சில பிள்ளைகளுக்கு மிடாஸோலாம் நேர்மாறாக வேலை செய்து, அடங்காத ஆத்திரத்தைக் கிளப்பும். மூக்கில் தெளித்தால் நன்றாக எரியும். ஸ்கேனுக்கு அசையாமல் படுக்க வைக்கவோ வலி குறைந்த சின்ன வேலைக்குப் பதற்றத்தைத் தணிக்கவோ அதற்கு இடம் உண்டு. ஸ்கேனுக்கு என்றால் மூக்கு வழி டெக்ஸ்மெடிடோமிடின் கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். பிடிக்க அரை மணி வரை ஆகும், துடிப்பு மெதுவாகும், ஆனால் மூச்சை அதிகம் தொடாது. இப்போதைய சிடி ஸ்கேன் சில விநாடி வேலை. 3 மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துத் துணியில் சுற்றினால் மருந்தே வேண்டியிருக்காது.

சிரிப்பு வாயு, அதாவது நைட்ரஸ் ஆக்சைடு: ஆக்சிஜனோடு பாதிக்குப் பாதி கலந்த என்டொனாக்ஸ், பிள்ளையே முகமூடியைப் பிடித்து உறிஞ்சும் வகை. 2, 3 நிமிடத்தில் பிடிக்கும். 5 வயதுக்கு மேல், சொன்னதைக் கேட்கும் பிள்ளைக்கு. மயங்கினால் கை தானாக நழுவும், வாயு நிற்கும். பாதுகாப்பே அதுதான், அதனால் அம்மா பிடித்துக்கொடுக்கக் கூடாது. முடிந்ததும் 3 முதல் 5 நிமிடம் ஆக்சிஜன். நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிவு, குடல் அடைப்பு, மண்டைக்குள் காற்று என்று சந்தேகம் இருந்தால் கூடாது. அடைபட்ட காற்றை அது பெருக்கும். சிலிண்டர் உறைபனிக்குக் கீழ் போனால் வாயுக்கள் பிரிந்துவிடும் என்று கையேட்டில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் அந்தக் கவலை இல்லை, அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

இரண்டு எலும்பும் விலகிய முன்கைக்கு அது மட்டும் போதாது. ஓரளவு பெரிய, ஒத்துழைக்கும் பிள்ளைக்கு மணிக்கட்டுக்கு அருகே முறிவு என்றால், முறிவிடத்து இரத்தக்கட்டுக்குள் லிடோகெய்ன் போட்டு, கூடவே வாயு கொடுத்தால் நன்றாக நடக்கும். இவனுக்குக் கேட்டமின்தான்.

இரண்டு பேர் பிடித்து அமுக்குவது பற்றி ஒரே வரி: இன்று அமுக்கிப் பிடித்த பிள்ளை அடுத்த முறை தடுப்பூசி அறை வாசலிலேயே அலறும், அப்போது நான்கு பேர் தேவைப்படும்.

---

ட்ரையாஜ்_அக்கா

நல்லாச் சொன்னீங்க ரெஜி. பெத்தவங்ககிட்ட பேசுறதையும் வீட்டுக்கு அனுப்புறதையும் யாரும் சொல்லல, அதை முடிச்சிடுறேன்.

கேட்டமின் போட்ட பிள்ளையை முதல் தடவை பார்க்கிற பாட்டி பதறிடுவாங்க. கண் திறந்திருக்கும், கூப்பிட்டா பதில் இல்ல. அதனால முன்னாடியே தமிழ்ல இப்படிச் சொல்லுங்க: "மருந்து போட்டதும் பிள்ளை கண்ணைத் திறந்தே வச்சிருப்பான். முழி அங்கயும் இங்கயும் ஆடும். கை காலை அசைப்பான், எதாவது முனகுவான், கண்ணுல தண்ணி வரும். அவனுக்கு வலிக்காது, நடக்கிறது தெரியாது. மூச்சு அவனேதான் விட்டுக்கிட்டு இருப்பான், அதைப் பார்க்கிறதுக்குன்னே ஒரு டாக்டர் தலைமாட்டுல நிக்கிறார். தெளியறப்ப அழலாம், வாந்தி எடுக்கலாம்." அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் தலைப்பக்கம் உட்காரட்டும். எலும்பை இழுக்கிறதைப் பார்க்க வேண்டியதில்ல, பல பேருக்குத் தலை சுத்தி விழுந்துடும்.

மருந்து ஏறுறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட அவனுக்குப் பிடிச்ச எதையாவது பேசிக்கிட்டே இருங்க. செந்தோசா கடற்கரை, அவன் வளர்க்கிற மீனு, எதுவானாலும். பயந்து அழுதுக்கிட்டே மயங்குற பிள்ளை தெளியறப்பவும் அப்படியே எழும். ரொம்ப ஆர்ப்பாட்டம்னா அப்ப மட்டும் மிடாஸோலாம் கிலோவுக்கு 0.05 மி.கி., எல்லாருக்கும் முன்கூட்டி வேண்டாம்.

தெளிய ஒண்ணுலேருந்து ரெண்டு மணி நேரம் ஆகும். அனுப்புறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது: பேர் சொன்னா முழிச்சுப் பேசுறான், தானா உட்கார்றான், ஆக்சிஜன் இல்லாம அளவு சரியா இருக்கு, வாந்தி அடங்கியிருக்கு. தண்ணி குடிச்சாத்தான் விடுவோம்னு கட்டாயப்படுத்தாதீங்க, அதுலதான் நிறைய பிள்ளைங்க வாந்தி எடுக்கும்.

வீட்டுக்கு: பாரசிட்டமால் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஐபுப்ரோஃபென் சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை, முதல் ரெண்டு நாள் வலிக்கட்டும்னு காத்திருக்காம நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்க. மி.லி. கணக்கை பாட்டில் மேலயே எழுதிக் கொடுங்க. கை நெஞ்சு உயரத்துக்கு மேல இருக்கணும். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, மருந்துக்கும் அடங்காம வலி ஏறினாலோ, விரலை நீட்டிவிட்டா அலறினாலோ, காலையில பார்க்கலாம்னு இருக்கக் கூடாது, உடனே திரும்பி வரணும். மாவுக்கட்டுக்குள்ள வீக்கம் இறுக்குது.

அன்னைக்கு நடை தள்ளாடும். மாடிப்படி, சைக்கிள், நீச்சல், திடல் எதுவும் 24 மணி நேரத்துக்கு வேண்டாம். வீட்டுக்கு எப்படிப் போறாங்கன்னும் கேளுங்க. டாக்சியில பிள்ளை இருக்கை கட்டாயமில்ல, அம்மா தனியா வந்திருந்தா பின்சீட்டுல பையன் தூங்கி, தலை முன்னால தொங்கி மூச்சுப்பாதை மடங்கிடும். ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து தலையை நிமிர்த்திப் பிடிச்சிருக்கணும், முன்சீட்டுல உட்காரக் கூடாது. பணம் கட்டுறதுக்கும் மருந்து வாங்குறதுக்கும் இன்னொரு ஆள் வேணும், அப்பா வேலை முடிஞ்சு வர அரை மணி ஆகும்னா படுக்கையிலேயே இருக்கட்டும்.